பெயர், தெரு, வீட்டு இலக்கம்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஹம்பேர்க் தலைமை ரயில் நிலையத்திலிருந்து வெளிக்கிட்டேன். பையில் ஒரு கட்டு முருங்கைக்காய் (நாலரை யூரோ), இரண்டு கிலோ இடியப்ப மா. கையில் 63 யூரோ மாதச்சீட்டு. அதைக் காட்டி விரைவு ரயிலில் ஏற முடியாது என்பதால் ஊல்சனில் ஒருமுறை, மாக்டபேர்க்கில் ஒருமுறை இறங்கி மாறவேண்டும். கடைசித் துண்டுக்கு பஸ்.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். அவள் கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. கணிதமும் நீச்சலும் படிப்பிக்கிறாள். போன கிழமை யாரோ அவளுடைய வீட்டு வாசல் மணியில் இருந்த பெயர்த்தகட்டை லைட்டரால் எரித்துவிட்டார்கள். அதை அவள் தொலைபேசியில் சொன்ன விதம், குடை தொலைந்ததைச் சொல்வதுபோல இருந்தது. நான்தான் அன்றிலிருந்து நாளுக்கு நாலுமுறை அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "வாதாடாதை, கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லித்தான் என் கணவர் என்னை ஸ்டேஷனில் விட்டார்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே உள்ள எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்ட எனக்கு மனமில்லை.

ஊல்சன் தாண்டினால் நிலம் தட்டையாகிவிடும். காற்றாலைகள், வெறுமையான வயல், நடுவே தனியாக நிற்கும் செங்கல் தேவாலயம். ஸ்டெண்டாலில் ஏறிய இரண்டு கிழவர்கள் மாக்டபேர்க் வரை ஒரே சண்டை. அரசாங்கம் பெருங்கடன் வாங்கிப் பாலம், பாதை, பள்ளிக்கூடம் திருத்த ஒதுக்கிய நிதி பற்றித்தான். "கடன் வாங்கி எவன் உருப்பட்டான்?" என்றார் ஒருவர். "இந்த ரயில் பிந்தும்போது அதைச் சொல்லு பார்ப்பம்" என்றார் மற்றவர். ரயில் பிந்தித்தான் போனது.

பகல் பன்னிரண்டரைக்கு பஸ். ஊருக்கு நேர்வழியில் ஒன்பது கிலோமீட்டர்தான். பாலம் பழுதாகி மூடியிருப்பதால் சுற்றிக்கொண்டு இருபத்திரண்டு. நான் ஒருத்திதான் பயணி. சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நீச்சல் டீச்சரின் அம்மாவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"என் மகள் அவவிடம்தான் நீந்தப் பழகினாள். இப்ப தடாகம் மூடி ஒரு வருசம். கூரை ஒழுகுது."

"நிதி வந்திருக்கிறதாமே?"

"வந்திருக்கு. பாலத்துக்கோ தடாகத்துக்கோ என்று இண்டைக்குப் பின்னேரம் ஊர்ச்சபைக் கூட்டம். எந்தக் கட்சி வெண்டாலும் நான் சுத்தித்தான் ஓட்டப்போறன்." வளைவில் திரும்பியபடி சொன்னார்: "நான் வாக்குப் போட்டது அந்தக் கட்சிக்குத்தான். நீங்கள் நினைக்கிற கட்சிக்கு, வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பச் சொல்லுற கட்சிக்கு. உங்கட மகளுக்கு எதிராக இல்லை."

 இறங்கும்போது நன்றி சொன்னேன். அதற்காக என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

ஆரணியின் வாசலில் நின்றேன். மணிப்பலகையில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்த இடத்துக்கு மேலே ஒரு புதுத் தகடு. முழுப்பெயர். ஒரு வரியில் இடம் போதாமல் இரண்டு வரியாக வெட்டிப் போட்டிருந்தாள்: மேலே "ஆரணி சிவபாத", கீழே "சுந்தரம்".

முருங்கைக்காயை நறுக்கியபடி விஷயத்தை எடுத்தேன்.

"பிள்ளை, ஹம்பேர்க்கில ஆசிரியர் தட்டுப்பாடு. ஒரு அன்ட்ராக் நிரப்பி வேலைக்கு விண்ணப்பிச்சால் உடன கூப்பிடுவினம்."

"இஞ்சையும் தட்டுப்பாடுதான் அம்மா."

"சரி, இண்டைக்கு அந்தக் கூட்டத்துக்கு மட்டும் போகாதை."

"போறன். கேள்வி ஒண்டு கேக்கவேணும்."

"எழுதிக் குடுக்கலாம்தானே?"

"ஏலாது. எழும்பி நிண்டு பெயர், தெரு, வீட்டு இலக்கம் சொல்லவேணும். அப்பதான் மைக் தருவினம். ஊர்ச் சட்டம்."

கத்தியை வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எனக்கு இருபது வயதாகும்வரை, பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்வது இராணுவக் காவலரணில் சிப்பாய் நீட்டிய துவக்குக்கு முன்னால் செய்கிற வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தோம். அகதி விடுதிகளுக்கு நெருப்பு வைத்த காலம் அது. எங்களுக்கு உதவிய ஜெர்மன் பெண்மணி, "மணியில் சின்னப் பெயராகப் போடுங்கள்" என்று அன்போடுதான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வாசலில் "சிவா" மட்டும். "எரிச்சவனும் அந்த மண்டபத்திலதான் இருப்பான், அவனுக்கு நீயே விலாசம் சொல்லப் போறியோ?" என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியும் அம்மா. மற்றவைக்குத்தான் தெரியாது." பிறகு சிரித்தாள். "நீங்கள் குழம்பைப் பாருங்கோ, அடிப்பிடிக்குது."

தனியாக விட மனம் வரவில்லை. நானும் போனேன்.

ஆறு மணிக்குத் தீயணைப்புப் படை மண்டபம் நிரம்பிவிட்டது. முதலில் பேசியவர், சாரதி வாக்குப் போட்ட அந்தக் கட்சியின் உறுப்பினர். நல்ல கோட், அமைதியான குரல். "இது நன்கொடை இல்லை, கடன். எங்கள் பேரப்பிள்ளைகள் கட்டவேண்டிய கடன்" என்றார். நான் ஒரு கப்பல் சரக்குக் கொம்பனியில் கணக்குப் பார்ப்பவள். அதுவரை தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவர், "தடாகம் யாருக்கு? கடைசிக் கோடையில் அங்கே எந்த நிறம் கூடுதலாக இருந்தது என்று எல்லாரும் பார்த்தோமே" என்றார். சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிற சாதாரணச் சிரிப்பு.

ஆளும் கூட்டணியின் ஆள் எழும்பினார். நிதியைக் கொண்டுவந்தது தங்கள் கட்சி, அதை எதிர்த்தது இவர்கள் என்று பத்து நிமிடம் பேசினார். நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு முதலாமவரைவிட இவர்மேல்தான் கோபம் வந்தது.

கேள்வி நேரம். ஆரணி எழும்பிப் பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், இலக்கத்தைச் சொன்னாள். "இரண்டாம் மாடி. மணியில் பெயர் இருக்கிறது, புதுத் தகடு" என்றும் சேர்த்தாள்.  "என் வகுப்பில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. ஊருக்குள்ளால்தான் ஆறு ஓடுகிறது. அடுத்த வருடம் நீச்சல் பாடத்துக்கு இவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போக?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "உன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ."

"போகலாம்" என்றாள் ஆரணி. "என் ஊர் ஹம்பேர்க். போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம். பஸ் காசை எந்த நிதியில் எழுதுவது என்று சபைத் தலைவர் சொல்லவேண்டும்."

இப்போது வேறு ஆட்கள் சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். விஷயம் குழுவுக்கு அனுப்பப்படும், அடுத்த கூட்டத்தில் பதில் வரும் என்றார். அவ்வளவுதான். "வேறு கேள்வி?"

எப்படி எழும்பினேன் என்று தெரியாது.  மைக்கைப் பிடித்தேன். மங்களேஸ்வரி சிவபாதசுந்தரம் என்று ஓர் எழுத்தும் விழுங்காமல் சொன்னேன். ஹம்பேர்க்கின் பார்ம்பெக் பகுதியில் எங்கள் தெருவைச் சொன்னேன், வீட்டு இலக்கத்தைச் சொன்னேன்.

"மன்னிக்கவும் அம்மணி, இந்த ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்க உரிமை" என்றார் தலைவர்.

"தெரியும். கேள்வி இல்லை. பெயரும் விலாசமும்தான்" என்று சொல்லிவிட்டு வந்து இருந்தேன். ஆரணி என் கையைப் பிடிக்கவில்லை. குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பஸ் சாரதி சுவரோடு சாய்ந்து நின்றார். கை தட்டவில்லை. வெளியே வரும்போது, "நாளைக்கு முதல் பஸ் ஏழு பத்துக்கு, பிந்தாதேங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தனியாகத்தான் திரும்பினேன். பஸ்ஸில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். கறுத்த தலை, மஞ்சள் தலை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று தூங்கி விழுந்தபடி சுற்றுப்பாதையில் போயின. பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் இன்னும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்பதற்காக நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, என் கணவரிடமும்.

ஹம்பேர்க்கில் எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மணித்தகட்டை மாற்றவேண்டும் என்று சொல்லி, முழுப்பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தூரப்பிடித்துப் பார்த்தார்.

"முப்பது வருடமாக 'சிவா' போதுமாக இருந்ததே. இது கொள்ளாது."

"இரண்டு வரியில் போடுங்கோ" என்றேன்.