நான் படிக்காமல் விட்ட பத்தி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியில் நான் சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தென்னந்தோப்பு வைத்திருந்த விவசாயக் குடும்பம். தமிழ் மீடியத்தில் படித்து, பக்கத்திலுள்ள சித்தூர் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். நான் பாலக்காட்டில் கோயில் தெருவில் வளர்ந்தவள். அப்பா வங்கியில், அம்மா தபால் ஆபீசில். கான்வென்ட் படிப்பு. ஸ்டாஃப் ரூமில் என் உச்சரிப்பை மற்றவர்கள் பாராட்டும்போது அவரும் சிரித்துத் தலையாட்டுவார். அது எனக்குச் சேர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

பி.எட். முடித்தபோது வாங்கிய தடித்த இலக்கணக் கையேடு ஒன்று என் மேஜைமேல் இருந்தது. ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே எழுதியது. யாராவது சந்தேகம் கேட்டால் அதைத் திறக்காமலே பதில் சொல்வேன்.

ஒருமுறை வகுப்புகளைப் பார்வையிட மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் பாடம் எடுக்க, அதிகாரியோடு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் டீச்சர், 'நன் ஆஃப் த பாய்ஸ் ஆர் ஹியர்' என்று எழுதினார். பையன்களில் ஒருவரும் இங்கே இல்லை என்று அர்த்தம். 'நன்' ஒருமை, 'ஈஸ்' தான் வரும் என்று கான்வென்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது சரிதானா என்று அதிகாரி என்னிடம் மலையாளத்தில் மெல்லக் கேட்டார். நானும் மெல்லப் பதில் சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன்.

"டீச்சர், அங்கே 'ஈஸ்' இல்லையோ வரணும்?" என்றேன், வகுப்பு முழுக்கக் கேட்க.

"ரெண்டுமே வருமுங்க டீச்சர்," என்றார் அவர்.

நான் போய்க் கையேட்டை எடுத்துவந்து, அந்தச் சொல்லுக்குரிய முதல் பத்தியை உரக்கப் படித்தேன். முறையான எழுத்துநடையில் ஒருமை வினை வரும் என்றிருந்தது. புத்தகத்தை மூடினேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் 'ஆர்' என்பதைக் கையாலேயே அழித்துவிட்டு 'ஈஸ்' எழுதினார்.

அதிகாரியின் குறிப்பு வந்ததும் மேல்வகுப்புகள் என்னிடம் வந்தன. அவருக்கு ஐந்தாம் வகுப்பு. வராந்தாவில் அவர் போனால் பெரிய பிள்ளைகள் "ஈஸா, ஆரா?" என்று முணுமுணுப்பார்கள். எனக்கும் கேட்கும். அதட்டியதில்லை. மூன்றாம் வருடம் உடம்பு சரியில்லை என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் போன பிறகு, ஒரு பயிற்சி வகுப்புக்குக் குறிப்பெடுக்கும்போது மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தேன். கீழே இரண்டாம் பத்தி இருந்தது. பன்மை வினையும் பரவலாக வழங்குகிறது, அதைத் தவறென்று திருத்த வேண்டியதில்லை என்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கையேட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். தலையில் துண்டு கட்டியிருந்தார். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"வாங்க டீச்சர். ஊடு கண்டுபுடிச்சு வந்துட்டீங்களே."

"அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி, டீச்சர். நான் முழுசாப் படிக்கலை," என்று பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தெரியுமுங்க. அடுத்த நாளே, நீங்க கிளாசுக்குப் போனப்ப எடுத்துப் பாத்தனுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்டச் சொல்றதுங்க? நீங்க சொன்னா இலக்கணம். நாஞ் சொன்னா, தப்புப் பண்ணிட்டுச் சமாளிக்கறேன்னுதானே ஆகும்? நீங்களே ஒரு நாளு படிப்பீங்கன்னு கொஞ்ச காலம் பாத்தனுங்க. அப்பறம் உட்டுட்டனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படுக்க வேண்டும் என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அலுவலகத்துக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். பதில் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் டீச்சர் இறந்துவிட்டார்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் போக வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "தீர்மானத்தை இங்கிலீஷ்ல நீங்களே எழுதிடுங்க டீச்சர். உங்க இங்கிலீஷ்தான் நல்லா இருக்கும்."

அந்த ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை அதில் எழுதிவிடலாமா என்று நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவருடைய கடமையுணர்ச்சி, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று நாலு வரி எழுதி, நானே படித்தேன். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றார்கள்.