கொடி தூக்கிய வெளியூர்க்காரர்

வில்ஃப் டார்டாஃப் எங்கள் கால்பந்து மைதானத்துக்கு வந்தது ஒரே ஒரு முறைதான். ஆனால் எங்கள் ஊர் ஹார்த்தார்ப்பில் அவர் பெயரைத் தெரியாதவர் இன்று கிடையாது. பெயரைச் சொல்லிவிட்டுக் காறித் துப்புகிறவர்களும் உண்டு. அன்று சாயங்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை அது. மைதானத்து டீக்கடை அப்போது என் பொறுப்பில் இருந்தது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே ஒருவர் வந்து ஜன்னலில் நின்றார். ஒல்லியான உடம்பு, குளிரில் சிவந்த மூக்கு, அதன்மேல் கண்ணாடி, கழுத்துவரை இழுத்துவிட்ட மழைக்கோட்டு.

"டீ ஒண்ணு குடும்மா. பால் கொஞ்சமா."

"இந்த ஊர் ஆளு இல்லையே நீங்க? ஆட்டம் பாக்க வந்தீங்களா, வழி தப்பி வந்தீங்களா?"

"மைதானம் பாக்க வந்தேன்."

"இதுல பாக்க என்ன இருக்கு? ஒழுகுற கூரையும் சாஞ்சு நிக்கிற விளக்குக் கம்பமும்."

"அதுக்குத்தாம்மா வந்தேன். அடுத்த வருஷம் இதெல்லாம் இருக்குமோ இருக்காதோ."

அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. பெரிய அணி, பெரிய ஸ்டேடியம் எதுவும் அவர்களுக்கு வேண்டாம். சனிக்கிழமை தவறாமல் இதுவரை கால் வைக்காத ஏதாவது ஒரு சின்ன ஊர் மைதானத்தைத் தேடிப் போவார்கள். நாங்கள் அவர்களை மைதானப் பைத்தியங்கள் என்போம். அந்தப் பைத்தியத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி விசில்வரை பார்த்தால்தான் அந்த மைதானம் கணக்கில் சேரும். பாதியில் நின்றுபோனால் வந்தது வீண்.

வில்ஃப் ஹாலிஃபாக்ஸ்காரர். பிஸ்கட் ஆலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை ஐரிஸோடு இருந்தார். சின்ன வயதில் நடுவராக இருந்தாராம். பையன்கள் ஆட்டம் ஒன்றில் ஒரு தகப்பன் அவர் முகத்தில் எச்சில் துப்பியிருக்கிறான். அன்றோடு விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுட்டா நிம்மதிம்மா. யாரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

எங்கள் ஊரில் சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிறது. அதற்குப் பிறகு மதுக்கடை போயிற்று, நூலகம் போயிற்று. மிச்சம் இருந்தது இந்த கிளப் ஒன்றுதான். அன்றைய ஆட்டத்தைச் சமன் செய்தால் போதும், லீக்கில் இதே பிரிவில் இருப்போம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் அடுத்த வருஷம் சல்லிக்காசு தரமாட்டேன் என்று, இத்தனை நாள் செலவு பார்த்த, கட்டடச் சாரம் கட்டும் கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார்.

ஊரிலேயே அதிகம் தவித்தவன் பேரி மாலிண்டர். கூரை வேய்கிறவன். கோடையில் ஸ்டாண்டுக்கு வண்ணம் அடிப்பான், ஆட்டக்காரர்களின் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பான். ஒன்பதாம் எண் சட்டை போட்டு ஆடும் கேலம் அவன் மகன்தான். பேரி நல்லவன். ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அதுவும் ஊருக்குத் தெரியும்.

முதல் பாதியிலேயே எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் என் கடைப் பக்கக் கோட்டில் கொடியோடு ஓடிக்கொண்டிருந்த லைன்ஸ்மேன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கொடியை யார் கையில் கொடுப்பது என்று சண்டை மூண்டது.

"உங்க ஊர்க்காரன் கையில கொடியைக் குடுத்தா எங்களுக்குப் பட்டை நாமந்தான்!" என்று கத்தினார் அவர்களுடைய மேனேஜர்.

"உங்க ஆளு மட்டும் பெரிய அரிச்சந்திரனோ?" என்றான் பேரி.

நடுவர் இளம்பிள்ளை. முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆளு கிடைக்கலைன்னா ஆட்டத்தை நிறுத்திடுவேன்" என்றார்.

வில்ஃப் என் ஜன்னலுக்கு எதிரே வேலிக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தார். ஆட்டம் நின்றுவிடும் என்றதும் அவர் தோள் தொங்கிப்போனதைப் பார்த்தேன். டீக் கோப்பையை என்னிடம் நீட்டினார். மழைக்கோட்டைக் கழற்றிக் கம்பியில் போட்டார்.

"தம்பி, நான் ஹாலிஃபாக்ஸ். எனக்கு ரெண்டு அணியும் ஒண்ணுதான். நடுவர் வேலை பாத்திருக்கேன்."

பேரி ஓடிவந்து அவர் முதுகில் தட்டினான்; என் பக்கம் திரும்பிக் கத்தினான். "மனுஷன்னா இவருய்யா! தெல்மா, ஆட்டம் முடிஞ்சதும் இவருக்கு ஒரு பன்றிக்கறி பன், என் செலவு!"

வயதான ஆள், மழைக்கு வாங்கிய கனத்த ஷூ, கையில் கொடி. கோட்டோரம் அவர் ஓடியதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவர் தாண்டிப் போகும்போதெல்லாம் பேரி, "பெரியவரே, ஆம்புலன்ஸ் வரச் சொல்லட்டா?" என்பான். "உனக்கு வரச் சொல்லுய்யா, வயித்தைப் பாரு" என்பார் வில்ஃப். வேலிக்கு அந்தப் பக்கம் போனதில் உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான் என்று எனக்குத் தோன்றியது.

கடைசி நிமிடங்களில் எங்கள் பிள்ளைகள் மொத்தப் பேரும் முன்னேறினார்கள். வலப்பக்கத்திலிருந்து பந்து வளைந்து வந்தது. கேலம் எகிறித் தலையால் முட்டினான். வலை குலுங்கியது. நான் டீக்கடைக்குள் ஜக்கைக் கீழே போட்டுவிட்டுக் கூவினேன். வெளியே ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

பிறகு கோல் கம்பத்துப் பக்கமிருந்து அமைதி பரவிக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். வில்ஃபின் கொடி மேலே நின்றது.

"இறக்குய்யா கொடியை!"

"எவ்வளவு வாங்கின?"

நடுவர் அவரிடம் ஓடினார், ஏதோ கேட்டார். வில்ஃப் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஆஃப்சைடு. பந்து கிளம்பும்போதே கேலம் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றான் என்று அர்த்தம். கோல் இல்லை. சற்று நேரத்தில் நடுவர் கடைசி விசிலையும் ஊதிவிட்டார். தோற்றுப்போனோம்.

நடுவரையும் மற்ற லைன்ஸ்மேனையும் கிளப்காரர்கள் அரணாகச் சூழ்ந்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வில்ஃப் நடுவர் குழு ஆள் இல்லையே, வேடிக்கை பார்க்க வந்தவர். அவருக்குத் துணையாக நடக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொடியைக் கம்பியோரம் வைத்துவிட்டு மழைக்கோட்டை எடுக்கக் கடைப் பக்கம் வந்திருக்கிறார். நான் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஈர மூட்டை தரையில் விழுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

வெளியே ஓடினேன். வில்ஃப் சேற்றில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார். இடது கண் இருந்த இடம் முழுக்க ரத்தம். இரண்டடி தள்ளி பேரி, வலது கையை இடது கையால் பிடித்தபடி நின்றான். சுற்றிலும் கூட்டம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டது. உடைமாற்றும் அறை வாசலில் கேலம் சேற்றுக் காலோடு நின்றிருந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்ட பேரி!"

"போ தெல்மா. போய் உன் வேலையைப் பாரு."

என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, ஈரத் துணியைக் கண்ணில் அழுத்தியபடி வில்ஃப் கேட்டார்: "விசில் ஊதினாங்கல்ல? முழு நேரமும் ஆச்சுல்ல?"

"ஆச்சு."

"அப்ப சேரும்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "நீங்க கொடியைத் தூக்காமலே இருந்திருக்கலாமே. உங்களுக்கு அதுல என்ன நஷ்டம்?"

துணியை மடித்து மறுபடி அழுத்திக்கொண்டார். "யோசிச்சுத் தூக்கலம்மா. கை தானாப் போயிருச்சு. அப்புறம் பாத்தா ஊரே என்னைப் பாக்குது. இறக்கிடலாமான்னு தோணுச்சு, பொய் சொல்லல."

"இறக்கியிருந்தா?"

"இறக்கியிருந்தா ஐரிஸ்கிட்ட போய் என்ன சொல்றது, இன்னிக்கு ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாளே."

இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் திரும்பவில்லை.

போலீஸ் வந்தது. அத்தனை பேர் நின்றிருந்த இடத்தில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம். நான் பார்த்ததைச் சொன்னேன்: பேரி நின்றான், கை வீங்கியிருந்தது. "அடிச்சதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். பார்க்கவில்லை. அடி பக்கவாட்டிலிருந்து வந்தது, முகம் தெரியாது என்று வில்ஃப் சொல்லிவிட்டார். வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. அதன்பிறகு கடைத்தெருவில் எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள் குறைந்தார்கள்.

கோடையில் கிளப்பைக் கலைத்தார்கள். கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். புல் முழங்காலளவு வளர்ந்தபின் ஒரு நாள் கேலம் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவங்க கடைசி ஆளுக்கு முன்னாடிதான் நின்னேன் தெல்மா. நல்லா ஒரு அடி தூரம். பந்து கிளம்பும்போதே தெரியும்."

"உங்க அப்பாகிட்ட சொன்னியா?"

"அவருக்குத் தெரியும். வேலியோரம் எனக்கு நேராத்தான நின்னாரு."

"தெரிஞ்சுமா அடிச்சான்?"

"தெரிஞ்சதாலதான்னு நெனைக்கறேன்." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போலீஸ்ல இதைச் சொல்றியா?"

"அவரு எங்கப்பா, தெல்மா."

மறு மாதம் அவன் லீட்ஸுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று கேள்வி. பேரி மட்டும் சாயங்காலத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு மைதான வேலியைச் சுற்றி நடக்கிறான். எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன்.

வில்ஃபுக்கு அவ்வப்போது போன் செய்வேன். ஆகஸ்டில் ஒரு ஆட்டத்துக்குப் போய்ப் பார்த்தாராம். முதுகுக்குப் பின்னால் யாரோ கோல் என்று கூவியதும் தலையைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டாராம். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதோடு சரி. இப்போது சனிக்கிழமைகளில் ஐரிஸோடு செடி விற்கும் நர்சரிக்குப் போகிறார். இடது பக்கம் தெரியாமல் தொட்டிகளை இடித்துத் தள்ளுகிறாராம்.

கேலம் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"இதை எங்கிட்ட ஏம்மா சொல்ற?" என்றார். "எனக்குத் தெரியாததா? உங்க ஊர்ல சொல்லு."

அடுத்த வாரம் இறைச்சிக் கடை வரிசையில், வில்ஃப் தூக்கிய கொடி சரிதான், கேலமே ஒத்துக்கொண்டான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் முடிஞ்சுபோன கதை, தெல்மா" என்றாள். கடைக்காரரிடம் அரைக் கிலோ சாசேஜ் கேட்டாள்.