ஓரகத்தியின் மீன் குட்டை

ஜிலேபி மீனைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

துறையூர்ப் பக்கம் எங்கள் வயலில் இரண்டு மீன் குட்டைகள். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் கொழுந்தன் மனைவியுடையது. நடுவில் ஒரே கரை. குட்டை வெட்டலாம் என்று முதலில் சொன்னவள் நான். என்னைப் பார்த்துத்தான் அவளும் வெட்டினாள். ஒரே வண்டியில் வந்த ஜிலேபிக் குஞ்சுகளைத்தான் இருவரும் விட்டோம். வைரஸ் நோய் வந்ததோ என் குட்டைக்கு மட்டும்.

காலையில் போனால் என் மீன்கள் வயிறு தெரிய மிதக்கும். அவள் மீன்கள் தீவனத்துக்குத் துள்ளும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குக் கை ராசி என்று ஊரே பேசியது. என் கைக்கு என்ன குறைச்சல்? என் கணவர் வேறு, குட்டையை மூடிவிட்டு வெங்காயம் போடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். குட்டை போனால் எனக்கென்று எதுவும் இல்லை, மறுபடி அவர் வயலில் களை பறிக்க வேண்டியதுதான்.

திருச்சியிலிருந்து மீன் நோய் ஆராய்ச்சி செய்பவர் ஒருவர் வந்தார். அவள் பக்கம்தான் போவார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் குட்டையில் இறங்கி, செத்த மீனிலும் பிழைத்திருந்த சில மீனிலும் துடுப்பு நுனியை வெட்டிக் குப்பியில் போட்டார்.

"நல்ல மீன் அந்தப் பக்கம் இருக்குங்க சார்" என்றார் என் கணவர்.

"அங்க நோயே வரலைங்க. இங்க நோய் வந்தும் சிலது பொழச்சிருக்கு, அதுதான் எங்களுக்கு வேணும். எதிர்ப்புச் சக்திக்கான மரபணு மீனுக்கு மீன் கொஞ்சம் மாறும். பொழச்சதுல அது எப்படி இருக்குன்னு பார்த்து, அதுலேர்ந்து குஞ்சு எடுக்கலாமான்னு பார்க்கிறோம். குட்டையை மூடிடாதீங்க."

என் கணவர் வெங்காயப் பேச்சை விட்டார். நான் அக்கரையில் நின்றவளைப் பார்த்தேன். ஒரு நாளாவது அவள் என்னைப் பார்த்து எரியட்டும் என்று ஆசையாக இருந்தது.

ஆராய்ச்சிக்காரர் அவளிடம் கேட்டார். "ஒரே குஞ்சு, பக்கத்துப் பக்கத்துக் குட்டை. ரெண்டுக்கும் ஒரே வலையா போட்டீங்க?"

"இல்லைங்க. அக்காகிட்ட கேட்டேன், தரலை. வேற வாங்கிக்கிட்டோம்."

"அதான் தப்பிச்சீங்க. வலையோட நோயும் வந்திருக்கும்."

எனக்கு முன்னால் மீன் பிடித்து விற்றுவிடுவாளோ என்றுதான் வலையைத் தராமல் இருந்தேன்.

அவள் கரையேறி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க தராததாலதான்க்கா என் குட்டை பொழச்சுது." குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே நன்றி சொன்னாள். பாவி, அதிலும் என்னை ஜெயித்துவிட்டாள்.