மச்சான் மூடவிடாத பெட்டி

ஒரு தகர மூடி. வெள்ளை பெயிண்ட், நான்கு மூலையிலும் ஸ்குரு ஓட்டை. ராசிபுரத்தில் மச்சானின் புது வீட்டுச் சுவரோரம் அது சாய்ந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. வீட்டுக்குள் வரும் கரண்டை அறை அறையாகப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியின் மூடி அது. போட்டுவிட்டால் உள்ளே நாங்கள் செய்த வேலையை உலகம் பார்க்காது. அதனால்தான் எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். மூடுமுன் படம் போட வேண்டும். குறை கண்டவர் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். ‘ஒயருங்களா, ஊறவெச்ச சேமியாவுங்களா?’ என்பார் ஒருவர். ‘உள்ள குருவி முட்ட வெச்சிருக்குதுங்களா?’ என்பார் இன்னொருவர்.

மச்சான், என் மனைவியின் அண்ணன், அவரும் எலக்ட்ரீஷியன்தான். பாராட்டு அவர் வாயில் வராது. வேலை பிடித்துவிட்டால் ‘மூடிரலாங்க’ என்று ஒற்றைச் சொல். அதை வாங்கியவர் அன்றைக்கு எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தருவார். எனக்கு மட்டும் அது வாய்க்கவேயில்லை. அப்படிப்பட்டவர்தான், ‘நம்ம வேலைக்கு நம்ம கண்ணு வட்டம் போடாதுங்க மாப்ளே’ என்று தன் வீட்டு ஒயரிங்கை என்னிடம் கொடுத்தார். அந்தச் சொல்லை அந்த வீட்டிலேயே வாங்கிவிட வேண்டும் என்று வெறி பிடித்தது எனக்கு. ஒவ்வொரு ஒயரையும் அளந்து நறுக்கி, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலைபோல் வரிசை பிடித்தேன். படம் போட்டதும் கைதட்டல் குவிந்தது. கடைசியாக மச்சானின் சிவப்பு வட்டம் வந்தது, பெட்டி முழுவதையும் சுற்றி. ‘அழகுதானுங்க மாப்ளே. நாளைக்கு இதுல ஒரு சுச்சு கருகி, ஒயரு நுனிய வெட்டி மாத்தோணும்னா, மிச்ச ஒயரு எட்டுமுங்களா?’

எட்டாது. அழகுக்காக விரல்கடை மிச்சமும் விடாமல் நறுக்கியிருந்தேன். கிரகப்பிரவேசம் கைக்கெட்டும் தூரத்தில். இழுத்த ஒயரையெல்லாம் குழாயிலிருந்து உருவிவிட்டுப் புதிதாக இழுத்தேன். மறுமுனையில் நின்று மச்சான் தள்ளிக்கொடுத்தார். இந்த முறை ஒவ்வொரு ஒயரும் அடியில் கொஞ்சம் தொய்ந்து வளைந்து, தொட்டில் சேலைபோல் வரிசையாகக் கிடந்தது.

விசேஷத்தன்று காலை மூடியைக் கையில் எடுத்தேன். மச்சான் அதைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்தார். வெளியே மீட்டரருகில் மெயின் சுச்சை இறக்கிவிட்டு வந்தார்.

“மூடாதீங்க. நம்மாளுக வந்து பாக்கட்டும்.”

குழுவே திரண்டு வந்தது. சாமி அறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு பெட்டி முன்னால் வரிசை கட்டினார்கள். மற்ற விருந்தாளிகளோ அசையாத ஃபேன்களுக்குக் கீழே விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, வந்த சனமெல்லாம் வேர்த்து ஊத்துது! ஊட்டக் காட்டாம பொட்டியக் காட்டிட்டு நிக்கறீங்க!” என்று அக்கா, மச்சானின் மனைவி, வெடித்தார்.

“செத்த இரு அம்மணி. ரெண்டே பேருதான் பாக்கி.”

மச்சான் குரலில் இருந்த குழைவை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அன்று புரோட்டா நான்தான் வாங்கினேன், சொல் கிடைக்காமலே.

போன மாதம் அந்தப் பெட்டியில் ஒரு சுச்சு கருகிவிட்டது. மெயினை இறக்கி, மூடியைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தேன். கருகிய நுனியை வெட்டிவிட்டு இழுத்ததும், தொட்டில் கொஞ்சம் நிமிர்ந்து, ஒயர் சுகமாக எட்டியது. வேலை முடிந்து மூடிக்காகக் கை நீட்டினேன். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குழுவில் போட போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏனுங்க, இன்னைக்காச்சும் மூடுவீங்களா?”