ஒரு பக்கம் மட்டும் முடித்த எஞ்சின்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் யாரும் முதலிலேயே ஜோடியாகச் செய்துவிட மாட்டோம். ஒற்றைக் கால் சாம்பிள்தான். அதைப் பார்க்க வேண்டியவர் பார்த்து ‘ஓகே’ சொன்ன பிறகே மறு காலுக்குத் தோல் வெட்டுவோம். சாம்பிள் பிரிவிலேயே தலை நரைத்துப்போன என்னை இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. மாடி அறையில் பலகை போட்டு நான் ஓட்டும் குட்டி ரயிலுக்கு ஒரு நீராவி எஞ்சின் வாங்கியபோதும் அப்படித்தான் செய்தேன்.

பெட்டியிலிருந்து எடுத்தபோது அது வழவழவென்று வெறும் பொம்மையாக இருந்தது. டிரைவர் நிற்கும் இடது பக்கத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். பித்தளைக் கம்பியை வளைத்துக் கைப்பிடியும் தண்ணீர்க் குழாய்களும் பொருத்தினேன். குண்டூசி முனையில் பசை தொட்டுத் தொட்டு ரிவெட் வரிசை வைத்தேன். ஷூ ஓரத்துக்குப் பூசும் கறுப்பு மையில் கரித்தூள் கலந்து அடித்தேன். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரைக் குடிக்கிற எஞ்சினில் வெள்ளைக் கறை வழியாமல் இருக்குமா? வால்வுக்குக் கீழே அதையும் வழிய விட்டேன்.

“என் அடுப்புகூட இவ்ளோ கரி புடிக்கல” என்றாள் மனைவி.

வலது பக்கம் மொட்டையாகவே நின்றது. ஓகே சொல்ல வேண்டியவன் என் தோஸ்த். அதே கம்பெனியில் தரம் பார்ப்பவன். தையலில் ஒரு நூல் பிசகினாலும் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடுவான். பலகைக்கு ஆணி அடித்த நாளிலிருந்து கூட இருந்தவன். நல்ல வேலை என்று அவன் வாயால் கேட்க வேண்டும், எனக்கு அது போதும்.

எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வெளிச்சத்துல வச்சுப் பார்த்துட்டு சொல்றேன்பா. எடுத்துனு போறேன்.”

கொடுத்தேன். வெளியே போன சாம்பிள் திரும்பி வராது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தோஸ்த் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

கேட்டபோதெல்லாம் “பார்த்துனே இருக்கேன்” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி போனை நீட்டினாள். அவன் வீட்டம்மா அனுப்பிய வீடியோ. பெங்களூரில் குட்டி ரயில் பிரியர்கள் கூடிய மண்டபம். மேசைமேல் என் எஞ்சின், மொட்டைப் பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. செய்தது யார் என்று யாரோ கேட்டார்கள். பக்கத்தில் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்த தோஸ்த் சொன்னான்: “நான் ஒண்டிதான் செஞ்சேன் சார்.”

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் மாலை எஞ்சினோடு அவனே மாடி ஏறி வந்தான். வீடியோ பார்த்ததைச் சொன்னேன்.

“அட, இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜார் ஆவுற? பேச்சுவாக்குல வந்துடுச்சி. அத்த வுடு. அடுத்த வாரம் அந்த பெங்களூர்காரங்க என் வீட்டுக்கு வர்றாங்கபா, எஞ்சின சுத்திப் பார்க்கணுமாம். வலது பக்கத்த சீக்கிரம் முடிச்சுக் குடு.” பிறகு ஞாபகம் வந்தவன்போல, “இடது பக்கம் ஓகேபா. சூப்பர் வேலை” என்றான்.

இத்தனை நாள் காத்திருந்த அந்த ஓகே இப்படி வந்து சேர்ந்தது.

வலது பக்கத்துக்கான குழாய்களை ஏற்கெனவே வளைத்து டப்பாவில் வைத்திருந்தேன். டப்பாவை மூடினேன்.

“நீ ஒண்டிதானே செஞ்ச? அந்தப் பக்கத்தையும் நீயே செஞ்சுக்கோ.”

எஞ்சினை அவன் கையிலேயே விட்டுவிட்டேன். அவன் படியிறங்கினான். அப்போதும் மொட்டைப் பக்கத்தைச் சட்டையோடு அணைத்து, இடது பக்கம் வெளியே தெரியும்படிதான் பிடித்திருந்தான்.