நங்கூரத்தானை மூழ்கடித்தவள்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவசாமி தன் மகன் வயதுள்ள ஒருவனின் காலில் விழுந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. விழச் சொன்னது அவருடைய மகள் பிரேமினியைத்தான். அவள் மரம் மாதிரி நின்றாள். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதும், மகளை முந்திக்கொண்டு அப்பா விழுந்துவிட்டார்.

காலைக் காட்டிக்கொண்டு நின்றவன் கோயில் கமிட்டிச் செயலாளர் விஜிதரன். அவனுடைய தங்கை ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளும் பிரேமினியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பதைத் தங்கையின் போனில் இருந்த படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தான். எதையும் பேசுவதற்கு முன் அவன் தொண்டையைச் செருமுவான். நாலாக மடித்த கைக்குட்டையால் மீசையை ஒற்றிக்கொள்வான். அன்றும் அப்படிச் செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

"நான் சொல்றது எல்லாரோட நல்லதுக்குந்தான்."

சிவசாமி எழுந்தபோது நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவர் அதைத் துடைக்கவில்லை. பிரேமினி பக்கத்தில் நடந்தபடி அந்த மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெயந்தினியைப் பிரிப்பதைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்ள முடியலாம், இதை முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெயந்தினியைக் கட்டுநாயக்காவில் உள்ள பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி, ஆடைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிரேமினி வழக்கம்போல டவுனில் போட்டோகொப்பிக் கடைக்கு வேலைக்குப் போனாள். மழை நாட்களில் கடைக்கு ஆள் வராது. போனில் ஒரு செயலியில் தொடர்கதை படிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அப்படியொரு மழையில், அதே செயலியில், வேறு பெயரில் எழுத ஆரம்பித்தாள்.

கடற்கொள்ளைக்காரிகளின் கதை அது. அவள் கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததிலேயே பெரிய தண்ணீர் கொத்மலை நீர்த்தேக்கம். அதில் உப்பைப் போட்டு, அலையைக் கிளப்பி, கறுப்புப் பாய் கட்டிய கப்பலை விட்டாள். கப்பல் தலைவி மாசிலாவுக்கு ஒரு காது கேட்காது. பாறைமேல் அமர்ந்து பாடி மாலுமிகளைச் சாகடிக்கும் கடல்மோகினி ஆழினியின் பாட்டு, அதனால் மாசிலாவைப் பாதிதான் மயக்கியது. மீதிப் பாதிக்கு அவள் நன்றாக யோசித்து, தெரிந்தே காதலித்தாள்.

அவர்களுக்கு நடுவே துறைமுகத் தலைவன் நங்கூரத்தான் வந்தான். பிடிபட்ட மோகினிகளின் உதடுகளைத் தூண்டில் நரம்பால் தைக்கிறவன். ஊசியை எடுக்குமுன் தொண்டையைச் செருமுவான். நாலாக மடித்த பட்டுத்துணியால் மீசையை ஒற்றுவான். "யாவும் உங்கள் நன்மைக்கே" என்பான்.

கதை முதலில் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் படிக்கப்பட்டது. பிறகு எப்படியோ தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. தேத்தண்ணி நேரத்தில் மீனம்மா என்ற கொழுந்தெடுக்கும் பெண் சத்தமாகப் படிப்பாள். மற்றவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். இரண்டு பெண்களின் காதல் என்று சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். ஆழினியின் உதட்டைத் தைத்த அத்தியாயத்தன்று அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் விஜிதரன் எழுந்தான். செருமினான். கைக்குட்டையை எடுத்தான்.

"இப்ப நல்லதுக்குந்தான்னு சொல்லுவாரு பாருங்க" என்றாள் மீனம்மா.

சொன்னான். பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. ஏன் என்று தெரியாமலே ஆண்களும் சிரித்தார்கள். அந்த வாரத்திலிருந்து அவனுக்கு நங்கூரத்தான் என்பதே பேர். ஹட்டனில் அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டாரின் காதுக்கும் அது போனது.

அவன் நேரே கடைக்கு வந்தான். "நீதான் எழுதுறன்னு தெரியும். பொலிஸ்ல குடுப்பேன்."

"குடுங்கண்ணே. என்னன்னு சொல்லுவீங்க?"

"என்னையப் பத்தி எழுதிருக்கன்னு."

"அவன் பொம்பளைங்க வாயைத் தைக்கிறவன். அது நாந்தான்னு நீங்களே எழுதிக் கையெழுத்து வைக்கணும். வைப்பீங்களா?"

அவன் தொண்டையைச் செருமப் போய், பாதியிலேயே நிறுத்தினான். அது பிரேமினிக்கு இனித்தது. "கதைய நிறுத்து. என்ன வேணும் ஒனக்கு?" என்றான் தணிந்த குரலில்.

"அதே வாசல்ல, அத்தனை பேரு முன்னால, எங்கப்பா கால்ல விழணும்."

கோயில் வாசலுக்கு அவன் வரவில்லை. கொட்டும் மழையில் லயத்துக்கு வந்தான். அடுப்படியில் இருந்த பிரேமினி கதவருகே ஓடிவந்து நின்றாள். அவன் குனியப் போனான். சிவசாமி அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"என்ன தம்பி இது. உள்ள வாங்க, நனையாதீங்க. பிரேமினி, தம்பிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தும்மா."

அவள் ஊற்றவில்லை. அப்பாவே எழுந்து ஊற்றிக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுப் போனபிறகு அவள் வெடித்தாள்.

"எதுக்குப்பா தடுத்தீங்க?"

"ஒருத்தன் கால்ல விழுறது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்றார் அவர்.

அந்த வார்த்தை அவளை இளக்கவில்லை. பழியைக் கைக்கெட்டிய நேரத்தில் பறிகொடுத்த ஆத்திரந்தான் மிச்சமிருந்தது. நங்கூரத்தானை எப்படிச் சாகடிப்பது என்று வகைவகையாக எழுதி எழுதி அழித்தாள். எதுவும் போதவில்லை.

அப்போதுதான் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணன நல்லாத்தான் எழுதிருக்க" என்றாள் ஜெயந்தினி. சம்பளத்தில் புதுப் போன் வாங்கியிருந்தாள். கூட வேலை செய்யும் பெண்கள் படித்துக்கொண்டிருந்ததை வாங்கிப் பார்த்து, எழுதியது யாரென்று முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தாள். பிரேமினியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

பிரேமினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆனா ஒன்னு கேக்கணும். ஆழினி ஏன் எப்பப் பாத்தாலும் அழுதுகிட்டே இருக்கா?"

"நீ அழுதிருப்பன்னு நெனச்சேன்."

"நான் அழல பிரேமி. போனப் புடுங்கினப்ப அவன் கையக் கடிச்சு வச்சேன். ரத்தம் வந்துச்சு. கடைசி அத்தியாயத்த நான் சொல்றேன், நீ எழுது."

அவள் சொன்னாள், இவள் எழுதினாள். மாசிலாவின் கப்பல் வந்து சேருமுன்பே ஆழினி தன் தையலைத் தன் பல்லாலேயே கடித்து அறுத்தாள். உதட்டில் ரத்தம் வழிய ஒரே ஒரு சுரம் பாடினாள். நங்கூரத்தான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தானாகவே கடலுக்குள் நடந்தான். தண்ணீர் மீசைக்கு ஏறியபோதும் துணியால் ஒற்றிக்கொண்டான். அவன் மூழ்கி முடிக்கும்வரை, வந்து சேர்ந்த மாசிலாவும் ஆழினியும் பாறைமேல் கைகோத்தபடி பார்த்திருந்தார்கள். தோட்டத்தில் மீனம்மா அதை மறுபடியும் மறுபடியும் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

விஜிதரன் கமிட்டியை விட்டு விலகினான். ஹட்டன் சம்பந்தமும் கைகூடவில்லை. பிரேமினி கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டாள். இருவரும் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் தோழிகள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

போன தைப்பொங்கலுக்கு சிவசாமி அங்கே வந்திருந்தார். சாப்பிடும்போது, "அந்தப் பையன கதையில உசுரோட விட்டுருக்கலாம்மா" என்றார்.

"பார்ப்போம்ப்பா" என்று சொல்லி, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள் பிரேமினி. இரண்டாம் பாகத்தில் அவனை ஏற்கெனவே உயிரோடு கரையேற்றிவிட்டிருந்தாள். ஒரு தடவை மூழ்கடித்தது அவளுக்குப் போதவில்லை.