பிரித்தானியக் குரல்கள் குடியிருந்த வீடு

வாய் திறக்காத தாயின் இடுப்பில் இருந்துகொண்டு ஒரு கைக்குழந்தை எதைக் கேட்டுக்கொண்டிருக்கும்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

இலங்கையில் போர் முடிந்த அந்த ஆண்டின் தொடக்கத்தில் என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். என் அக்கா சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தாள். அவளோடு தொலைபேசித் தொடர்பு அறுந்து போயிருந்தது. ரொறன்ரோவில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் தமிழ் வானொலி ஓயாமல் பேசியது. எங்கள் வீட்டில் மட்டும் நான் அதை நிறுத்திவிட்டேன். செய்தி வாசிப்பவர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாலே இடுப்பில் பிள்ளை இருப்பதே மறந்துபோகும். பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயம்.

"கார்ல போகேக்க நான் கேக்கிறன். ஏதும் எண்டால் சொல்லுறன்," என்றார் கணவர். மிசிசாகாவில் வேலை முடிந்ததும் அவர் நேரே போரை நிறுத்தக் கோரும் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுவார்.

வானொலி நின்ற வீட்டின் அமைதி அதைவிடப் பயமாக இருந்தது. அதனால் மடிக்கணினியில் பிரித்தானியப் பொட்காஸ்டுகளைப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு ரீச்சர் போட்டுக்காட்டிய கசற்றில் அந்த உச்சரிப்புத்தான் இருந்தது. கேட்டு முடித்து விடை எழுதத் தேவையில்லை என்பதே ஒரு சுகம்.

எத்தனை விதமான மனிதர்கள்! சரித்திரம் சொல்லும் கிழவர் ஒருவர், அரசர்களைத் தன் ஒழுங்கையில் குடியிருந்தவர்களைப் போலத் திட்டுவார். இடையில் தேநீர்க் கோப்பை தட்டில் உரசும் ஓசை கேட்கும். உதைபந்தாட்டம் பேசும் இரண்டு இளைஞர்கள், தோற்ற அணியைப் பற்றிச் சிரித்துச் சிரித்தே நேரத்தை முடித்துவிடுவார்கள். விடியலில் காட்டுக்குள் போய்ப் பறவைகளைப் பதிவுசெய்யும் ஒருவர் பேசுவதே அரிது. அவர் மூச்சைத்தான் நான் அதிகம் கேட்டேன். எனக்கு மிகவும் பிடித்தவள் ஒரு தோட்டக்காரி. மண்ணைக் கிண்டிக்கொண்டே பேசுவாள். கிண்டும்போது புழுவில் பட்டுவிட்டால் புழுவிடமும் மன்னிப்புக் கேட்பாள்.

வெளியே பனி கொட்டும். உள்ளே ஹீற்றர் மெல்ல இரையும். அரைத்தூக்கத்தில் அவர்கள் எல்லோரும் எங்கள் வரவேற்பறைக்கு வந்துவிடுவார்கள். கிழவர் சோபாவில் சாய்ந்திருப்பார். தோட்டக்காரி ஈரச் சப்பாத்தோடு குசினிக்குள் நடப்பாள். ஜன்னல் ஓரத்தில் லண்டன் மழை பெய்யும். அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் நடக்காது. பிள்ளை என் நெஞ்சில் கிடந்தபடி கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் மகள் முதன்முதலாக ஒரு சொல் சொன்னாள்.

"சொறி."

பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகு, கழுத்து, கைமடிப்பு எங்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் கிறீம் பூசினேன். சவர்க்காரத்தை மாற்றினேன். அவள் ஒவ்வொரு பொம்மையாகக் கீழே போட்டுவிட்டு "சொறி, சொறி" என்றாள்.

சனிக்கிழமை கணவரின் அக்கா அஜக்ஸிலிருந்து புட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்தா. மடிக்கணினி பேசிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை, வெள்ளைக்காரர் எல்லாரும் உன்ர வீட்டிலயோ குடியிருக்கினம்? வாடகையாவது தருகினமோ?"

"மச்சாள், பிள்ளைக்கு எங்கயோ கடிக்குதாம். சொறி எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாள்."

மச்சாளும் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "வேப்பிலை அவிச்சு வார்த்துப் பாரன்."

"அஜக்ஸில வேப்பமரம் நிக்குதோ அக்கா?" என்றபடி கணவர் வந்தார். பிள்ளை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்து "சொறி" என்றாள். அவர் குனிந்து கரண்டியை எடுத்தார். "உங்களுக்கு விசரே? பிள்ளைக்குக் கடிக்கேல்லை. அவள் மன்னிப்பெல்லோ கேக்கிறாள்!"

எங்கள் வாயில் அரிப்பும் ஆங்கில மன்னிப்பும் ஒரே சொல். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தா. நானும் சிரித்தேன். மாதக்கணக்கில் என் குரல் அவ்வளவு உரத்துக் கேட்டதில்லை. பிள்ளை திரும்பி என் வாயையே பார்த்தாள்.

"அது சரி, நீ பிள்ளையோட கதைக்கிறனியோ?" சிரிப்பு அடங்காமலே மச்சாள் கேட்டா.

"ஓம் மச்சாள்" என்றேன். பால் கரைத்தது, குளிப்பாட்டியது எல்லாம் நினைவு வந்தது. அவளிடம் என்ன சொன்னேன் என்று ஒன்றுமே நினைவு வரவில்லை.

பிறகு என் அக்கா ஒரு முகாமில் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது அவள் ஊரில் தன் வீட்டில் இருக்கிறாள், ஞாயிறுகளில் தொலைபேசியில் அழைப்பாள். "பிள்ளை என்னோட கதைக்கமாட்டாளோ?" என்று கேட்பாள். மகள் தமிழை விளங்கிக்கொள்வாள். ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான். யோசித்துப் பார்த்தால், நான் அவளோடு பேசும் தமிழ் 'சாப்பிடு', 'குளி', 'படு' என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அந்த மாதங்கள் நினைவுக்கு வந்து, மறுபடியும் 'சாப்பிடு' என்றே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் என்னைப்போலக் கைக்குழந்தையோடு பேச்சற்றுப் போன தாய்மார் இதை வாசிக்கக்கூடும். நீங்கள் திரும்ப எப்படிக் கதைக்கத் தொடங்கினீர்கள்? வேலை ஏவுவதை விட்டு, பிள்ளையிடம் முதலில் எதைச் சொன்னீர்கள்? மிகச் சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை. தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.